மேலே ஏறிய லிஃப்ட்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவரைத் தெருவில் எல்லோரும் 'மாடிக்காரர்' என்பார்கள். அன்று காலைதான் வேறு கம்பெனி சிம்முக்கு மாறியிருந்தார்.

"நீங்க வேலைக்குப் போற இடத்துலயெல்லாம் டவர் எடுக்குமான்னு கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான்," என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

யாரும் குடிவராத புதுக் கட்டடம். பிரேக் சத்தம் போடுகிறதென்று புகார். சோதிக்கத் தனியாக ஏறினார். எட்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் நின்றது. பிறகு மெல்ல ஒரு சாண் மேலே நகர்ந்தது. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று அவருக்குப் புரிந்தது. பிரேக் விட்டுப்போனால், ஒற்றை ஆள் இருக்கும் லிஃப்ட் கீழே விழாது. கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எடை அதைவிடக் கனம்; அது இழுக்க, மேலே போய் மோதும்.

அபாய மணிக்கு இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை. மனைவிக்குப் போன் அடித்தார்; போகவில்லை. போன் திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்றிருந்தது. அவசர எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்கய்யா," என்றது ஒரு பெண் குரல்.

கட்டடம் இருக்கும் இடத்தைத் திக்கித் திணறிச் சொன்னார். "தானா மேல ஏறுதும்மா!"

"ஆள் கிளம்பிட்டாங்க. வைக்காதீங்க, பேசிக்கிட்டே இருங்க."

லிஃப்ட் மறுபடி நகர்ந்தது. அவர் அலறிவிட்டார்.

தீயணைப்பு வீரர்கள் லிஃப்ட்டை அசையாமல் பிணைத்து, கதவை நெம்பி அவரை இறக்கினார்கள்.

"உங்க சிம் கம்பெனிக்கு இங்க டவரே இல்லைங்க," என்றார் வீரர்களில் ஒருவர். "அவசர நம்பருங்கிறதால வேற கம்பெனி டவர்ல போயிருக்கு."

மாடிக்காரர் அந்த வீரருடைய போனை வாங்கி மனைவியை அழைத்தார். "யாருங்க? யாரு பேசுறது?" என்று அவள் கேட்டாள். "நான்தான். நீ கேட்டது சரிதான், இங்க டவர் எடுக்கல," என்றார் மாடிக்காரர்.