கச்சிமுகம்மது வாசித்த மூச்சு

கணவன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது றாஹிலா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். 1954ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை, நண்பகல் லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லிச் சற்று நேரம். பக்கத்து வீட்டு உம்மு வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"என்ட றப்பே! றாஹிலா, கொழும்பால பெட்டி வருது. பச்சைத் துணி போர்த்திரிக்கு. உன்ட வீட்டுக்குத்தானாம்."

பஸ்ஸின் கூரையிலிருந்து இறக்கிய பெட்டி அது. ஆள் நீளம் இருந்தது. "கச்சிமுகம்மதுட பொஞ்சாதி வீட்டுக்கு" என்று கொண்டக்டர் சொன்னது மட்டும்தான் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. கல்முனைக்குடியில் பச்சைத் துணி போர்த்த நீளப் பெட்டி தெருவில் போனால் யாரும் கேள்வி கேட்பதில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். ஒருவர் பத்து அடி சுமந்து அடுத்தவர் தோளுக்கு மாற்றினார். அதில் நன்மை உண்டு. வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது கூட்டம் ஐம்பது பேருக்கு மேல். கலிமா சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

றாஹிலாவின் உம்மா ஹப்ஸா அழுதபடியே மகளின் காதிலிருந்த அல்லுக்குத்தைக் கழற்றினாள். வெள்ளைச் சீலை தேடி அலுமாரியைத் திறந்தாள். றாஹிலாவுக்கு அழுகை வரவில்லை. கையில் மீன் செதில். திங்கட்கிழமை வந்த கடிதத்தில் அவர் நல்ல சுகம் என்றுதான் எழுதியிருந்தார். மீனை மூடி வைப்பதா, பூனைக்குப் போடுவதா என்று யோசித்தபடி நின்றாள். அப்படி யோசிக்கலாமா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

பெட்டியை மண்டபத்தில், தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து வைத்தார்கள். குளிப்பாட்டுவது யார் என்ற பேச்சு தொடங்கியபோது, தொழுகைக்கு வுழூச் செய்த ஈரம் தாடியில் சொட்ட, கச்சிமுகம்மது ஸலாம் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"என்ன இவ்வளவு சனம்? ஆர் மவுத்து?"

"நீங்கதான், மருமகன்," என்றாள் ஹப்ஸா.

பெட்டியைப் பஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, தொழுகை நேரம் போய்விடும் என்று அவர் வழியில் இறங்கிப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார். தூசிக்குப் போர்த்திய பச்சைத் துணியை நீக்கி, பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு மனுசி குந்தியிருப்பது போல வயிறும் இடுப்புமாக ஒரு பெரிய பிடில். தோள் கொடுத்து வந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலருக்குக் கோபம். சொல்லிய கலிமாவுக்கு நன்மை உண்டா இல்லையா என்று இரண்டு பேர் வாசலிலேயே வாதாடினார்கள்.

அன்றுதான் றாஹிலாவுக்குத் தன் கணவனின் தொழில் என்னவென்று தெரிந்தது. நாலு வருடத்துக்கு முன் கலியாணம் பேசியபோது "கொழும்பில ஒரு ஓட்டல்ல வேலை" என்றார்கள். காசாளர் என்று ஹப்ஸா நினைத்தாள். பரிமாறுபவர் என்று தம்பி முனாப் சந்தேகப்பட்டான். இரண்டு பெருநாளுக்கும் வந்து போகும் மனிதரிடம் றாஹிலா துருவிக் கேட்கவில்லை.

அவர் மருதமுனையில் தறிக்காரர் ஒருவரின் மகன். உலக யுத்தக் காலத்தில் திருகோணமலை கடற்படை முகாமில் கோப்பை கழுவப் போனார். அங்கே பாண்ட் வாசிக்க வந்த மட்டக்களப்புப் பறங்கி மாஸ்டர் ஒருவர், இவருடைய விரல் நீளத்தைப் பார்த்து, செலோ என்னும் இந்த வாத்தியத்தைப் பழக்கினார். யுத்தம் முடிந்து மாஸ்டர் கொழும்பு ஓட்டலில் நடனத்துக்கு வாசித்தபோது இவரும் கூடப் போனார். எட்டு வருடம் கறுப்புக் கோட்டுப் போட்டுக் கதிரையில் இருந்து வாசித்தார். பிறகு ஓட்டலுக்குச் செலோ தேவையில்லாமல் போய்விட்டது. மாஸ்டர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயரும்போது வாத்தியத்தை இவர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்.

"இப்ப இத வெச்சி என்ன செய்யப்போறீங்க?" என்று றாஹிலா கேட்டாள்.

"வாசிக்கப்போறன்."

"ஆருக்கு?"

அவர் பெட்டியை மூடி உள் அறைக்குத் தூக்கிப்போனார்.

காலையில் மருதமுனைக்குப் போய்ச் சாச்சாவின் தறியில் இருப்பார். பகல் திரும்பி வந்து உள் அறையில் செலோவோடு இருப்பார். கடற்காற்றுக்கு நரம்புகள் ஊறித் தளர்ந்தன, ஒன்று அறுந்தது. ஹஜ்ஜுப் பெருநாளன்று எல்லோரும் குர்பான் இறைச்சிக்கு ஓலைப்பெட்டி கொண்டு போக, இவர் ஆட்டுக் குடலைக் கேட்டு வாங்கி வந்தார். சாம்பலும் சுண்ணாம்பும் போட்டுக் கழுவி, சுரண்டி, நூல் சுற்றும் ராட்டையில் முறுக்கி, வேலியில் கல் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தார். மூன்று நாள் நாற்றம். "குடல் கறிதானே ஆக்குவாங்க, இவர் என்ன கயிறு திரிக்கார்?" என்று உம்மு கேட்டாள். றாஹிலாவுக்கும் அதே கேள்விதான். ஆனால் குடலில் திரித்த அந்த நரம்பு அறுந்துபோகவில்லை.

கதிரையை அவர் விட்டுவிட்டார். செலோவின் அடியில் ஊன்றும் ஆணியைக் கழற்றிவிட்டு, பாயில் சம்மணமிட்டு, வாத்தியத்தைத் தோளில் சாய்த்து வாசித்தார். நரம்புகளைத் தாழ்த்திச் சுருதி சேர்த்தார். றபான் மேளம் அடித்துப் பைத் பாடி வரும் நூஹு பக்கீர் சில நாட்களில் கூட வந்து இருந்தார். பக்கீர் அடிக்க இவர் வில்லை இழுப்பார். மாஸ்டரிடம் கற்ற வெள்ளைக்காரன் பாட்டும் இல்லை, பைத்தும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. நன்றாக இருக்கிறதா என்று றாஹிலாவால் சொல்ல முடியவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவளுக்கு வேறு வேலைகள் இருந்தன. பிள்ளைப்பேற்றுக்கு உதவி செய்ய அவளைக் கூப்பிடுவார்கள். கை சுத்தம், வாய் குறைவு. சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுக்கும் முட்டு வருத்தம். மழை தொடங்கினால் நெஞ்சு இழுக்கும். நெல்லுக் குத்தும்போது எல்லாப் பெண்களையும் போலக் கவி என்னும் நாட்டுப்பாட்டைப் படிப்பாள். 'வலை இழுக்கப் போன மச்சான், வாடைக்காத்து மாறிப்போச்சே' என்று ஒரு அடி. ஊரில் எல்லோரும் 'போன மச்சான்' என்ற இடத்தில் மூச்சு எடுப்பார்கள். அவளுக்கு அங்கே மூச்சு வராது. 'வாடைக்' என்று சொல்லி நின்று, நெஞ்சைப் பிடித்து மூச்சை இழுத்து, 'காத்து' என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். உள் அறையில் இருந்தவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை அவள் கவனிக்கவில்லை.

1956இல், கொழும்பு வானொலி நிலையத்தில் வேலை பார்த்த கல்முனை அழகரெத்தினம் லீவில் வந்தவர், செலோவைக் கேட்டுவிட்டு, "கச்சியர், ரேடியோவில பதினஞ்சு நிமிசம் பிடிச்சுத் தாறன், வாங்க" என்றார். பெட்டி மறுபடி பஸ் கூரையில் ஏறியது.

அடுத்த ஞாயிறு பின்னேரம் வானொலியில் வந்ததைத் தேத்தண்ணிக் கடையில் ஊரே கூடிக் கேட்டது. றாஹிலா கேட்கவில்லை. இரண்டு நாளாக ஸாலிஹா வீட்டில் நின்றாள். பிள்ளை தலை திரும்பாமல் கிடந்தது. திங்கள் காலை தாயும் பிள்ளையும் நலம் என்று ஆனபின் வீட்டுக்கு வந்தாள். முனாப் முற்றத்தில் நின்றான்.

"ராத்தா, நீ எப்ப கொழும்புக்குப் போன?"

"விசராடா உனக்கு? ஸாலிஹாட வீட்டில நின்டன்."

"அப்ப ரேடியோவில படிச்சது ஆரு? 'வாடைக்' எண்டு நிண்டு மூச்சு வாங்கினது ஆரு? கடையில இருந்த அவ்வளவு பேரும் என்ட மூஞ்சியப் பார்க்காங்க. 'உன்ட ராத்தா நல்லாப் படிக்கா' எண்டு சொல்றாங்க, மானம் போகுது."

அவள் கால் கழுவுவதை மறந்து நின்றாள். ஸாலிஹா வீட்டுப் பெண்கள் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள்; அவள் அறையை விட்டு அசையவில்லை. ஆனால் குரல் அவளுடையது என்பதிலும் ஊருக்குச் சந்தேகம் இல்லை. கச்சிமுகம்மது அவள் படித்ததை ஒளித்திருந்து கிராமபோன் பிளேட்டில் பிடித்துவிட்டார் என்றார் ஒருவர். பெட்டியின் வயிற்றுக்குள் குரல் தங்கும் என்றார் இன்னொருவர். ஒரு பெண்ணின் குரல் அந்நிய ஆண்களுக்குக் கேட்டிருக்கிறது, அவள் படிக்கவுமில்லை. இதற்கு யாரைக் கேட்பது?

பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காமார் கூடி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு றாஹிலாவின் வீட்டில் விசாரிப்பது என்று முடிவு செய்தார்கள். குரல் றாஹிலாவுடையது என்று கண்டால் ஒன்று பெட்டி வெளியே போக வேண்டும், அல்லது பெட்டியோடு கச்சிமுகம்மது போக வேண்டும். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. மாப்பிள்ளை வந்து இருப்பவர். தன் சாமானோடு படியிறங்கினால் ஊர் அதைப் பிரிவு என்றுதான் எடுக்கும்.

புதன்கிழமை அவர் சந்தோசமாக வந்து இறங்கினார். மாதம் ஒரு தரம் வாசிக்கச் சொல்லிவிட்டார்களாம். வாசலிலேயே முனாப் விசயத்தைச் சொன்னான். அவர் பெட்டியை வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"பெட்டி போனா நான் தறிக்காரன்," என்றார் றாஹிலாவிடம். "அது கேவலமில்ல. ஆனா நல்ல தறிக்காரன் இல்ல. உனக்கே தெரியும்."

"அது கிடக்கட்டும். ரேடியோவில வாசிச்சத எனக்கு வாசிச்சிக் காட்டுங்க."

பாயில் இருந்து வாசித்தார். 'வலை இழுக்கப் போன மச்சான்' தாழ்ந்த நரம்பில் போனது. 'வாடைக்' என்ற இடத்தில் வில் நின்றது. பிறகு நரம்பை உரசியும் உரசாமலும் ஒரு இழுப்பு. நெஞ்சுக்குள் சளி கிழியும் சத்தம். பிறகு 'காத்து.' றாஹிலாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. தன் முதுகைத் தானே பார்த்தது போல இருந்தது. வெட்கமா, கோபமா என்று பிரிக்க முடியவில்லை. கொஞ்சம் பெருமையும் அதற்குள் எங்கோ கிடந்தது. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

"அந்த முட்டு இழுப்பையும் ஏன் போட்டீங்க?"

"அது இல்லாம வாசிச்சுப் பார்த்தன். பாட்டுக் கிடக்கு, ஆள் இல்ல."

"என்னட்டக் கேட்டீங்களா?"

"இல்ல," என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் ஏழு மரைக்காமார் இருந்தார்கள். தலைவர் ஷரிபுதீன் மரைக்கார் நெல் வியாபாரி. எதையும் ஒரு பிடி அள்ளிப் பார்த்துத்தான் விலை சொல்பவர். றாஹிலா திரைக்குப் பின்னால் உம்மாவோடு இருந்தாள். கச்சிமுகம்மது வாசித்தார். எல்லோரும் பெட்டியின் உள்ளேயும் பின்னேயும் பார்த்தார்கள். பிளேட்டு இல்லை.

"வாத்தியம்தான் சத்தம் போடுது, அது சரி," என்றார் ஷரிபுதீன் மரைக்கார். "ஆனா குரல் சாடை றாஹிலாடதானா எண்டு ஒத்துப் பார்க்கணும். புள்ள, திரைக்குள்ள இருந்து ஒரு அடி படி பாப்பம்."

"படிச்சா நாம கேப்பமே, மரைக்கார் காக்கா," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கேக்கத்தானே படிக்கச் சொன்ன?"

"பொம்பிளட குரலக் கேக்கிறது பிழை எண்டுதானே வந்திரிக்கம்?"

ஷரிபுதீன் மரைக்கார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். ஒருவர் மட்டும் கேட்டுச் சொன்னால் என்ன என்றார் ஒருவர். அந்த ஒருவர் யார் என்றார் மற்றவர். முனாப் கேட்கலாம், அவன் தம்பி என்றார்கள். "அவன்தானே முதல்ல முறைப்பாடு வெச்சவன், அவன்ட சாட்சி எடுபடுமா?" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். அரை மணி நேரம் இப்படியே போனது. தேத்தண்ணி ஆறியது.

றாஹிலா திரையை விலக்காமல் பேசினாள்.

"மரைக்கார், அந்தக் கவிய ஊரில படிக்காத பொம்பிள ஆரு? உங்கட வீட்டிலயும் படிக்காங்க. அது என்ட இல்ல. அதில என்ட எண்டு இரிக்கது மூச்சு முட்டினது மட்டும்தான். மூச்சு வாங்குறது ஹறாமா?"

ஷரிபுதீன் மரைக்கார் மறுபடி தொப்பியைக் கழற்றினார்.

"நான் முட்டு வந்து இழுக்கிறது தெருவுக்கே கேக்கும். மழை நாளில பள்ளிக்குப் போற ஆம்பிளைகள் எல்லாரும் கேட்டிரிக்காங்க. அப்ப ஆரும் விசாரிக்க வரல்லயே. மருந்து கொண்டும் வரல்ல."

ஒருவர் இருமலை அடக்கினார்.

"வீடு என்ட," என்றாள். "அவர் இதில இரிப்பார். பெட்டியும் இரிக்கும். நீங்க வேற முடிவு எடுத்தா எடுங்க, எனக்குச் செய்தி அனுப்புங்க."

ஹப்ஸா மகளின் தொடையைக் கிள்ளினாள். அதற்குமேல் றாஹிலாவுக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. நெஞ்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. மண்டபத்திலிருந்த எல்லோருக்கும் அது தெளிவாகக் கேட்டது. அவர்கள் தலையைக் குனிந்து ஆறிய தேத்தண்ணியைக் குடித்தார்கள். "மார்க்கம் படிச்ச பெரிய ஆலிம் ஒராளுக்கு எழுதிக் கேப்பம்," என்று ஷரிபுதீன் மரைக்கார் எழுந்தார். எழுதினார்களா என்று தெரியாது. பதில் எதுவும் வரவில்லை.

எல்லோரும் போனபின் கச்சிமுகம்மது திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். ஏதோ நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தார்.

"கொதிதண்ணி கொண்டு வாங்க முதல்ல," என்றாள். ஆவி பிடித்து மூச்சு சீரானதும், "இனி எதையும் எடுக்க முன்ன எனக்கு வாசிச்சிக் காட்டணும். போகட்டும் எண்டு நான் சொன்னாத்தான் அது கொழும்புக்குப் போகும்," என்றாள்.

"ஓம்," என்றார்.

1959 வரை மாதந்தோறும் அவர் கொழும்புக்குப் போய் வந்தார். நூஹு பக்கீரையும் சில தடவை றபானோடு கூட்டிப் போனார். இந்தியாவிலிருந்துகூட யாரோ கடிதம் எழுதி, இது என்ன சங்கீதம் என்று கேட்டிருந்தார்கள். அவர் பதில் எழுத உட்கார்ந்து, 'செலோவில் கவி' என்று எழுதி, அதை வெட்டி, கடைசியில் ஒன்றும் எழுதாமல் விட்டார்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பாயில் இருந்து வாசிப்பார். அவள் அரிசி புடைத்துக்கொண்டு கேட்பாள். "போகட்டும்" என்பாள், இல்லாவிட்டால் "அத விடுங்க." பெரும்பாலும் போகவிட்டாள். நாலு கவிகளை மட்டும் போகவிடவில்லை. ஏன் அந்த நாலு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.