கூரை பிரிந்தபோது வீட்டுக்காரர் என்ன சொன்னார்

கூரைக்காரர் என்று கேட்டால் அந்தத் தெருக்களில் எல்லோரும் அவரைத்தான் காட்டுவார்கள். ஓடு மாற்றுவது, ஒழுகலை அடைப்பது, உளுத்த சட்டத்தைக் கழற்றிப் புதுசு பொருத்துவது என்று இருபத்தாறு வருடப் பிழைப்பு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். கல்யாணத்துக்கு முன் மாமனார் வீட்டுக்கு முதல் தடவை போனபோதும் அப்படித்தான். "கழுத்து புடிச்சிருக்கு போலன்னு எங்கம்மா தைலம் எடுக்கப் போயிட்டாங்க" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். கப்பர்நகூம் என்ற ஊரில் நாலு பேர், கை கால் விளங்காத ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்கிய கதையைப் போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கித்தார். சபை முழுக்கக் குணமான மனிதனை நினைத்து உருகியது. கூரைக்காரருக்கு மட்டும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. பிரித்தார்கள், சரி. அப்புறம் யார் மூடியது? கூரை போனதற்கு வீட்டுக்காரர் என்ன சொன்னார்? வேதத்தில் தேடினார். ஒரு வரி இல்லை.

இரண்டு வருடம் எழுதினார். சபைக்கென்று ஒரு சின்ன அச்சகம் இருந்தது, அதைப் பார்த்துக்கொள்பவரும் போதகர்தான். நோட்டைப் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"கூரைக்காரரே, முதல் நூறு பக்கம் களிமண்ணு குழைக்கிறீங்க."

"அந்தக் காலத்துக் கூரை அப்படிங்கய்யா. கீழ கட்டை, அதுக்கு மேல கிளை, அதுக்கு மேல மண்ணு."

"அது இருக்கட்டும். படிச்சவன் சொந்தமா ஒரு வீடு கட்டிக்குவான். ஆனா கூரை உடையுது, மேல இருந்து ஒரு ஆள் இறங்குறான், வீட்டுக்காரர் முழங்கால்ல நின்னு ரெண்டு பக்கத்துக்கு ஸ்தோத்திரம் சொல்றார். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வீட்டுக்காரரைப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. ஒரு ஓடு நழுவினால் ஏழு தலைமுறையையும் இழுப்பவர்களைத்தான் பார்த்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த எடத்தை நான் நம்பற மாதிரி எழுதிக் குடுங்க. இல்லன்னா என்னால அச்சடிக்க முடியாது."

திங்கட்கிழமை வீட்டுக்காரரைக் கத்த வைத்தார். "இது எங்க அண்ணன்" என்றாள் மனைவி. செவ்வாய்க்கிழமை பேசாமல் நிற்க வைத்தார். "இது நீங்க." புதன்கிழமை அழ வைத்தார். படித்துவிட்டு நோட்டை மூடி அவர் மடியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டில் வேலை. கூடத்துக்கு மேலே ஓடுகளை எடுத்து, இரண்டு சட்டங்களையும் கழற்றியாயிற்று. ஆள் இறங்குகிற அளவுக்கு வானம் தெரிந்தது. டீச்சர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்த கூரைக்காரருக்குப் புத்தி கெட்டது. கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் எழுத வந்துவிடும் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து சேர்ந்தான் மச்சினன். மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவன், நல்ல கனம்.

"சும்மா படுத்தா போதுமா மாமா?"

"போதும். திமிர்வாதக்காரனுக்கு வேற வேலை இல்ல."

தார்ப்பாயில் படுக்க வைத்து, இடுப்போடு சேர்த்துக் கட்டி, நாலு மூலையிலும் கயிறு போட்டார்கள். கயிறு பிடிக்க வேலையாட்கள் இரண்டு பேர், எதிர்வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டர், கூரைக்காரர். ஓட்டையின் அகலத்தை அளந்தவர், கயிற்றின் நீளத்தை அளந்தவர், ஒன்றை மறந்துவிட்டார். கப்பர்நகூம் கூரை தட்டை. இது சரிவு. சரிவின் மேல் பக்கம் நின்ற இரண்டு பேருக்கு, கீழ்ப் பக்கம் நின்றவர்களின் கை தெரியவில்லை. கூரைக்காரர் "விடு" என்றதும் தலைப் பக்கத்துக்காரர்கள் மட்டும் இரண்டு முழம் விட்டார்கள்.

மச்சினன் தலைகீழாகக் கூடத்துக்குள் போய், பாதியில் நின்றான்.

"மாமா, எனக்கு இப்பவே சொகமாயிருச்சு. மேல தூக்கிருங்க."

தூக்க முடியவில்லை. அப்போதுதான் வாசல் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. தங்கை வீடு பூட்டியிருந்ததாம், டீச்சர் திரும்பிவிட்டார். உள்ளே வந்தவர் அண்ணாந்து பார்த்தார். ஆகாயத்தில் நாலு தலை. சோபாவுக்கு மேல் ஒரு தலை.

கூரைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். வீட்டுக்காரர் பேசப் போகிறார்.

"அறிவிருக்கா? நடுவீட்டுல என்ன இது? யாரு இந்தத் தடியன்? ஓடு மாத்தச் சொன்னா ஆளைத் தொங்க விடறீங்களா? இதுக்குத்தான் நான் சாவியக் குடுக்கவே மாட்டேங்கறது."

வாய் ஓயவில்லை. கையும் ஓயவில்லை. கைப்பை எப்போது விழுந்ததோ, சோபா மெத்தைகள் மூன்றும் தரைக்கு வந்திருந்தன. அறுபத்தைந்து வயது மனுஷி இரண்டு கையையும் உயர்த்தி மச்சினன் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"கழுத்தை மடக்காத, நான் புடிச்சிருக்கேன். மேல நிக்கிற கழுதைங்களா, கால் பக்கத்தை விடுங்க. மெதுவா. இவன் தலை என்ன, பூசணிக்காயா?"

மெத்தையில் வந்து சேர்ந்தவனின் கட்டை அவிழ்த்தார்.

"எங்கயாவது வலிக்குதா? எந்திரிச்சு நட, பாப்போம்."

மச்சினன் எழுந்து நடந்தான். மேலே பெயிண்டர் தொப்பியைக் கழற்றினார்.

கூரைக்காரர் ஏணியில் இறங்கி வந்து, தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். நாவலையும் சொன்னார்.

"வீட்டுக்காரர் என்ன சொன்னாருன்னு தெரியணுமா?" டீச்சர் இடுப்பில் கை வைத்தார். "நான் சொன்னது போதுமா, இன்னும் வேணுமா?"

"போதுங்க டீச்சர்."

"அப்ப மேல போய் மூடுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் புதுப் பக்கங்களை நின்றுகொண்டே படித்தார். கப்பர்நகூம் வீட்டுக்காரர் நாலு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தன் படுக்கையை இழுத்து ஓட்டைக்குக் கீழே போட்டார். மண் கொட்டிய கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல், வருகிற தலையைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"ஒரு இடத்துலகூட ஸ்தோத்திரம் சொல்லலையே."

"வாய் சொல்லலைங்கய்யா. ஆனா கை தானாத் தாங்கப் போயிருச்சு."

போதகர் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். பிறகு பேனாவைத் திறந்து நோட்டின் முதல் பக்கத்தில் 'அச்சுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அந்த டீச்சருக்கு முன்னுரையில ஒரு நன்றி போட்டுருங்க."

"கேட்டேங்கய்யா" என்றார் கூரைக்காரர். "பேரு போட்டா ஏணியப் புடுங்கிருவேன்னாங்க."