மாமி திருப்பி வைத்த கோமாளிகள்

நான் முதன்முதலில் கீறிய கோமாளிப் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் அழுதார்கள். அது முழுக்க என் பிழை என்று சொல்லமாட்டேன். நான் கோமாளியை நேரில் கண்டதே கிடையாது. எங்கள் ஊரில் கலியாண வீட்டில் பகிடி விடும் மச்சான்மார் இருந்தார்கள், தேர்தல் காலத்தில் மேடை ஏறுகிறவர்கள் இருந்தார்கள். மூக்கில் சிவப்புப் பந்தை ஒட்டிக்கொண்டு பிழைப்பு நடத்தியவர் எவரும் இருக்கவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. கல்முனைக் கடற்கரையோரம் இருந்த என் வீட்டில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். கடலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் திரும்ப வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டதால், நானும் மாமியும் முகாமில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். மாமி என்றால் என் கணவரின் உம்மா. அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை; இளைய மகனும் பெண்சாதி வீட்டாரோடு இன்னொரு முகாமில்தான் இருந்தார்.

முகாமில் பாலர் பாடசாலை போட்ட உதவி நிறுவனத்துக்குச் சுவரெல்லாம் கோமாளிகள் வேண்டுமாம். கடலுக்குப் பயந்த பிள்ளைகள் கோமாளியைக் கண்டால் சிரிப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. நான் முன்பு பாலர் பாடசாலையில் படிப்பித்தவள், படம் கீறத் தெரிந்தவள் என்று யாரோ போட்டுக் கொடுக்க, வேலை என் தலையில் விழுந்தது. அந்த நிறுவனத்தில் வேலை செய்த பாண்டிருப்புத் தமிழ் அக்கா ஒருவர், பார்த்துக் கீறுவதற்குத் தடித்த படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். வெளிநாட்டு ஓவியர்கள் காலங்காலமாக வரைந்த கோமாளிகள் அதில் இருந்தார்கள்.

திறந்து பார்த்தால், ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. ஒருவன் திரைக்குப் பின்னால் பெட்டியொன்றில் குந்தியிருக்கிறான். ஒருவன் கண்ணாடிக்கு முன்னால் முகப்பூச்சைத் துடைக்கிறான். இன்னொருவன் தொளதொளத்த உடுப்போடு கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான், வீட்டுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.

"என்ன அக்கா, இவனுகள் அழப் போறவனுகள் மாதிரியெல்லோ இரிக்கானுகள்?"

"ஓம், அதப் பாக்காதீங்க. உடுப்பையும் தொப்பியையும் மட்டும் பாத்துக் கீறுங்க. வாயச் சிரிக்கிற மாதிரி வெச்சி உடுங்க," என்றார் அக்கா.

நான் சொல்வழி கேட்கவில்லை. முதல் கோமாளியைப் புத்தகத்தில் உள்ளபடியே கீறினேன். பிள்ளைகள் அழுதது அதற்குத்தான். இரண்டாவதிலிருந்து காதுவரை இழுத்த சிவப்பு வாய்கள்தான். நிறுவனத்துக்காரர்களுக்கு நல்ல சந்தோஷம். மற்ற முகாம்களுக்கும் வேண்டுமென்று கொட்டிலுக்கே பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இனி மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வருடங்களில் மாமியை விட்டுவிட்டு எனக்கென்று தனிக்கதை ஒன்றும் இருக்கவில்லை.

என் கணவர் அன்று விடிய முன்னமே ஆழ்கடலுக்குப் போட்டில் போனவர். அப்படிப் போன சிலர், அலை வந்ததே தெரியாமல் கரைக்குத் திரும்பி, ஊர் இருந்த இடத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவருடைய போட் மட்டும் வரவில்லை. கரையில் நின்று காணாமற்போனவர்களை மௌத்தானவர்களாக, அதாவது இறந்தவர்களாக, கொள்ளலாம் என்று மார்க்கம் படித்த ஆலிம்கள் சொன்னதால், மற்றப் பெண்கள் வெள்ளை உடுத்து இத்தா இருந்தார்கள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருந்து முடிக்கும் கடமை அது. முடித்தால் அவள் வாழ்க்கை அவள் கைக்கு வரும். என்னை மாமி இத்தா இருக்க விடவில்லை.

"என்ட மகன் கடலுக்குள்ளதான் நிண்டவன். அலை உடைச்சது கரையில. போட்டு வடக்கால இழுபட்டுப் போய் வன்னிப் பக்கம் ஒதுங்கியிரிக்கும். புலிகள் புடிச்சி வெச்சிரிப்பானுகள். சண்ட முடிஞ்சா வருவான். உசிரோட இரிக்கிறவனுக்கு வெள்ள உடுக்கப் போறியா நீ?"

அந்த மாதத்தில் நீரோட்டம் தெற்கே இழுக்கும், வடக்கே இழுக்காது என்று ஊரில் தொழிலுக்குப் போகும் எல்லாருக்கும் தெரியும். மாமியின் முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் பள்ளிவாசல் மௌலவியிடம் ஆள் விட்டுக் கேட்டேன். "பெத்த தாய் இரிக்கான் எண்டு சொல்லக்குள்ள, நான் எப்பிடி மௌத்தெண்டு சொல்ற? கொஞ்சம் பொறுங்க," என்று பதில் வந்தது.

பொறுத்தேன். நிறச் சேலை உடுத்து, கையில் காப்புப் போட்டுக்கொண்டு பொறுத்தேன். அக்கரைப்பற்றில் ஒரு பாலர் பாடசாலையில் எனக்கு வேலை சரிவந்தது. மாமி ஒரே பிடியாக நின்றார்.

"அவன்ட சம்மதம் இல்லாம நீ எப்பிடிப் போற?"

"அப்ப கேட்டுச் சொல்லுங்க மாமி," என்றேன்.

அந்தக் கிழமை முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை. வேலை வேறொருத்திக்குப் போனது. எனக்குக் கோபம் மாமியில் மட்டுமில்லை, என் கணவரிலும்தான். இருந்தால் வந்திருக்கவேண்டும், இல்லையென்றால் ஒரு செருப்பாவது கரை ஒதுங்கியிருக்கவேண்டும். அழப் போனால், "இது என்ன மையத்து வீடா?" என்று மாமி கேட்பார். அழாமல் இருந்தால் முகாமே என் முகத்தைப் பார்க்கும். அந்தத் தகரத்துக்குள் இழுத்து ஒரு மூச்சு விட எனக்கு இடம் இருக்கவில்லை.

பலகைகளைச் சுற்றிவரச் சாத்தி வைத்திருந்தேன். உருவப்படம் இருக்கும் இடத்துக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று, ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் மாமி எல்லாக் கோமாளிகளையும் சுவர்ப்பக்கம் திருப்புவார். தொழுது முடிய நான் திரும்ப எடுத்துத் திருப்புவேன். பக்கத்துக் கொட்டில் ராத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்புள வாறதுக்குள்ள வீடு நிறைய ஆம்பிளையளச் சேத்துட்டியேகா!" என்றார். மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். மனுசர்தானே.

வருடங்கள் அப்படியே போயின. கடைசியில் யுத்தம் முடிந்தது. சந்தியில் பட்டாசு வெடித்தார்கள். மாமி கல்முனைப் பசாருக்குப் போய் மகனுக்கு உடுக்கப் புதுச் சாரம் ஒன்று வாங்கி வந்தார். அவருடைய இளைய மகன், நானாவின், அதாவது என் கணவரின், படத்தை எடுத்துக்கொண்டு வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த வவுனியா முகாம்களுக்குப் போய்த் தேடினார். சனத்துக்குள் ஒருவருக்கும் அந்த முகம் தெரியவில்லை. திரும்பி வந்து அதைச் சொன்னதும், "அப்ப ஆமி புடிச்சித் தடுப்பில வெச்சிரிக்கானுகள். எப்பவாச்சும் உடத்தானே வேணும்," என்றார் மாமி.

அன்றுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. அதுவரை சண்டை முடிந்தால் இதுவும் முடியும் என்று நினைத்திருந்தேன். இது மாமி மௌத்தாகும்வரை முடியாது, ஒருவேளை நான் மௌத்தாகும்வரையும் முடியாது என்று அன்று விளங்கியது.

நிறுவனம் அதற்குள் மூட்டை கட்டிவிட்டது. புத்தகத்தையும் அக்கா திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு பலகையும் டின்களின் அடியில் கொஞ்சம் பெயின்ட்டும் மிச்சம் இருந்தன. யாரும் கேட்காத ஒரு கோமாளியை, வாயை இழுக்காமல், எனக்காகக் கீறினேன். பெட்டியில் குந்தியிருக்கிறான், கழுத்தில் சுருக்கு வைத்த துணி, கைகள் முழங்காலில். வேறொன்றையும் நினைத்துக் கீறவில்லை.

பின்நேரம் அஸர் தொழுகைக்கு முன்னால் மாமி அதைத் திருப்பி வைக்கப் போனார். நான் வெளியே குழாயடியில் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து பார்த்தால், பலகைக்கு முன்னால் நிலத்தில் இருக்கிறார். படம் திருப்பப்படாமல் அவரைப் பார்த்தபடி இருந்தது. விரலைக் கோமாளியின் வலத் தோளில் வைத்திருந்தார்.

"இந்தத் தோள எங்க பாத்தாய்?"

"சும்மா கீறினன் மாமி."

"சும்மா இல்ல. சின்னதில நாவல் மரத்தால உழுந்தவன். வைத்தியன் எலும்பக் கோணலா வெச்சிக் கட்டிட்டான். இந்தப் பக்கம் தாந்துதான் இரிப்பான். அவனுக்குச் சட்ட தைக்கக்குள்ள நான் இந்தப் பக்கத்த எறக்கித்தான் தைக்கிற."

அப்போதுதான் நானும் கண்டேன். என் கணவரின் அதே தோள்தான். குந்தும் விதமும் அவருடையதுதான். என் கை எனக்குச் சொல்லாமல் அவரைக் கொண்டுவந்து இருத்தியிருந்தது.

அஸர் பாங்கு கேட்டது. மாமி எழும்பவில்லை. பாங்கு முடியும்வரை தோளிலிருந்து விரலை எடுக்கவும் இல்லை.

"அந்தத் தண்ணிக்குள்ள இவன்ட கண்ண ஆர் மூடியிரிப்பா?" என்று கேட்டார்.

எங்களில் யார் மௌத்தானாலும் பக்கத்தில் இருக்கிறவர் முதலில் செய்வது அதைத்தான். கண்ணை மூடிவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுவார்.

"மூடி உடு மகள்," என்றார் மாமி.

வெள்ளையில் கொஞ்சம் மண்ணிறம் கலந்து தூரிகையை எடுத்தேன். பலகை அசையாதிருக்க மாமி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணில் தூரிகையை வைத்தபோது, ஒரு மௌத்துச் செய்தி கேட்டவுடன் நாங்கள் சொல்லும் அந்த வார்த்தையைத் தன் மகனுக்கு முதன்முதலாகச் சொன்னார்: "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்."