கலைவாணி வைத்த கொரிய விருந்து

கம்பெனி பஸ் செய்யாறைத் தாண்டும்போது போன் வந்தது. "கலை போயிட்டாம்மா" என்றார் கலைவாணியின் கணவர். மூளையில் ரத்தக்கசிவு. அவளோடு ஒரே லைனில் நின்று வேலை பார்த்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் அழுகையை முந்திக்கொண்டு அந்த விருந்துகள்தான் வருகின்றன.

முதல் விருந்து ஞாபகம் இருக்கிறதா? வேலை முடிந்ததும் நம் கம்பெனியின் கொரிய மேலாளர் எல்லோரையும் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். பெரியவர் மது ஊற்றினால் மறுக்கக் கூடாது, அது கொரிய வழக்கம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பாட்டில் நம் பக்கம் வர வர நான் என் கிளாசை மேசைக்கு அடியில் ஒளித்தேன். கலை எழுந்தாள். இரண்டு கையாலும் கிளாசை நீட்டி, "நான் குடிக்க மாட்டேங்க சார். உங்க கையால தண்ணி ஊத்துங்க, வாங்கிக்கிறேன்" என்றாள். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார். மேலாளர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினார். அவர்கள் வழக்கப்படி கலை முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் குடித்தாள். மேசையே கைதட்டியது.

"அவங்களுக்கு வேண்டியது நான் குடிக்கிறது இல்லடி. அவங்க ஊத்தறத நான் வாங்கணும், அவ்ளோதான்" என்றாள், திரும்பும்போது பஸ்ஸில்.

பிறகு, மனைவிக்குப் பட்டுப்புடவை வாங்க மேலாளர் கலையின் ஊரான ஆரணிக்கே வந்தார். கலை அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவிட்டாள். நானும் போயிருந்தேன். இலையில் பிரியாணி ஆவி பறந்துகொண்டிருந்தது. யாரும் கை வைக்கவில்லை.

"மாமா, பெரியவரு நீங்க ஆரம்பிச்சாதான் அவரு சாப்பிடுவாரு. ஜல்தி கை வைங்க" என்றாள் கலை.

மாமனார் அசையவில்லை. "வந்தவங்க சாப்பிடாம நான் எப்படிம்மா கை வெப்பேன்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தபடியே இருந்தார்கள். பிரியாணி ஆறியது. கலை நடுவில் நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தமிழிலும் கொரிய மொழியிலும் மாற்றி மாற்றி எண்ணினாள். மூன்று என்றதும் இருவர் கைகளும் ஒன்றாக இலையில் இறங்கின. அன்று சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது.

அப்புறம் மாமனார் பன்னீர் சோடா ஊற்றிக் கொடுக்க, மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார்.

"ஏம்மா மூஞ்சிய திருப்பிகினு குடிக்கிறாரு? கோவமா?"

"இல்ல மாமா. உங்களுக்கு மரியாதை பண்றாரு."

மாமனாரும் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார்.

துக்கத்துக்கு மேலாளர் வந்திருந்தார். மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னார். இருவருக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஆளில்லை. ஆனாலும் மேலாளர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

எந்த விருந்திலும் ஓரத்து நாற்காலி தேடுகிறவள் நான். கலைதான் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நடுவில் உட்கார வைப்பாள். அந்த நடு நாற்காலியைத்தான் எனக்கு விட்டுப் போயிருக்கிறாள். அடுத்த வாரம் நடக்கும் கம்பெனி விருந்தில் நானாகவே போய் அதில் உட்காருவேன்.