பாங்குக்கு முந்திய மிடறு

சுங்கை சிப்புட்டில் வந்து ஹுசைன் கடை எங்கே என்று கேட்டால் வழி சொல்ல மாட்டார்கள், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட சாப்பாட்டுக் கடை. ஹுசைன் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனுஷன். ஈப்போவில் ஒரு கடையின் பின்கட்டில் எச்சில் மங்குகளைக் கழுவினார். அப்புறம் சைக்கிளில் ரொட்டி கட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டம் தோட்டமாக மிதித்தார். தோட்டமெல்லாம் எண்ணெய்ச் செம்பனையாகி, வேலையிழந்த சனங்கள் டவுனுக்கு வந்தபோது, அவர்களுக்கு முன்னாலேயே வந்து அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார். பசியைத் தின்று வளர்ந்தவன் நான் என்று மார்தட்டுவார். தட்டட்டுமே, அந்த மாரில் உரம் இருந்தது.

பிந்திப் பிறந்த ஒரே மகன் ஷாஃபி. இவன் வயிறு ஒரு நாளும் காயக்கூடாது என்று ஹுசைன் நெய்யும் இறைச்சியுமாக ஊட்டினார். பதினாறு வயதில் பையன் நூற்றைம்பது கிலோவைத் தொட்டான். லாரி ஓட்டும் ஜெயபாலன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொல்வார்: “உங்க கடைக்குப் போர்டே வேணாம்லா பாய். தம்பிய வாசல்ல நிக்க வச்சாப் போதும்.” கடையே சிரிக்கும். ஹுசைனும் சிரிப்பார். ஷாஃபியும் சிரிப்பான். ஆனால் அன்று மாலை மேசை துடைக்க அவன் வெளியே வரமாட்டான்.

அந்தப் பையனிடம் ஒரு வீம்பு உண்டு. ஏழு வயதிலிருந்து நோன்பு மாதத்தில் ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் நம்பவில்லை. இந்த உடம்பாவது பட்டினி கிடக்கிறதாவது, கழிவறையில் ஒளிந்து தின்பான் என்று பேசிக்கொண்டார்கள். உண்மை ஹுசைனுக்குத் தெரியும். பள்ளிவாசலுக்குக் கடையிலிருந்துதான் நோன்புக் கஞ்சி போகும். அண்டாவைத் துழாவுகிறவன் ஷாஃபி. வெந்தயமும் இறைச்சியும் மணக்கிற கஞ்சிக்கு முன்னால் உதடு வறண்டு நிற்பான். மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நோன்பு திறக்க அத்தா கையால் ஒரு பேரீச்சம்பழம். ஹுசைன் வருஷமெல்லாம் உழைத்ததற்கு அந்த ஒரு நிமிஷம்தான் கூலி.

உறக்கத்தில் பையனுக்கு மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்தது. சர்க்கரையும் ஏறிற்று. பத்தியம், மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஈப்போவில் டாக்டர்கள் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கலாம் என்றார்கள். ஊரையே அதட்டி வேலை வாங்கும் ஹுசைன், வேறு வழியே இல்லையா என்று மூன்று முறை கேட்டார். மனைவி சாலிஹா அழுதார். ஷாஃபிதான் தனக்கு அது வேண்டும் என்று நிமிர்ந்து சொன்னான்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் முப்பது கிலோ இறங்கிற்று. மூச்சு சீரானது. நோன்பு மாதமும் வந்தது. இந்த வருஷம் நோன்பு கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சின்ன வயிறு மொத்தமாகத் தண்ணீர் கொள்ளாது, நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடித்தால்தான் உடம்பு தாங்கும். நோயாளிக்கு மார்க்கத்திலும் விலக்கு உண்டு என்று இமாமும் சொன்னார். ஷாஃபி தலையை ஆட்டினான்.

முதல் நோன்பன்று பிற்பகல் அசர் தொழுகை முடிந்து கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. துழாவிக்கொண்டிருந்தவனின் கையிலிருந்து அகப்பை நழுவி அண்டாவுக்குள் விழுந்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். அவன் தண்ணீர்ப் போத்தலை ஹுசைன் எடுத்துப் பார்த்தார். காலையில் நிரப்பியது நிரப்பியபடியே இருந்தது.

சாலிஹா ஓடிவந்து குவளையை வாயருகே கொண்டுபோனார். பையன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

“குடி வாப்பா,” என்றார் ஹுசைன் மகனிடம்.

“இன்னும் கொஞ்ச நேரந்தானத்தா.”

“ஊரு என்ன சொல்லும்னு பாக்குறியா? சொல்லிட்டுப் போகட்டும்லா.”

“ஊருக்காக இல்லத்தா.” ஷாஃபி அண்டாவைப் பார்த்தான். “எனக்குப் பசியே வர்றதில்ல. வெட்டுனதுல அதையும் சேத்து எடுத்துட்டாங்கபோல. முன்னெல்லாம் இந்த நேரம் எப்படிப் பசிக்கும்! உங்க பக்கத்துல அதோட நிக்கணும்னு ஆசையா இருந்துச்சு.”

பசியை விரட்டத்தான் ஹுசைன் ஆயுசெல்லாம் ஓடினார். பிள்ளை அதைத் திருப்பிக் கேட்கிறான். எந்தக் கடையில் வாங்கிக் கொடுப்பது?

“உசுரு இருந்தா அடுத்த வருஷம் ரெண்டு பேரும் நிப்போம். இப்பக் குடி,” என்று தானே குவளையைப் பிடித்தார். கண்ணீரும் தண்ணீருமாக அவன் விழுங்கினான்.

மறுநாளிலிருந்து ஷாஃபி ஒழுங்காகக் குடித்தான். அத்தாவின் கண்முன்னாலேயே அடுப்படியில் உட்கார்ந்து மிடறு மிடறாகப் போத்தலைக் காலி செய்தான். பாங்கு சொன்னதும் கஞ்சியை வடிகட்டி அவனுக்கென்று தேத்தண்ணிக் குவளையில் எடுத்துவைப்பார் ஹுசைன். அதில் நாலு கரண்டி இறங்குவதற்குள் ஊர் தொழுகைக்குப் போய்விடும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒரு மாலை ஒன்றைக் கவனித்தார். பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் பையன் போத்தலை மூடித் தள்ளி வைத்தான். அடுத்த மிடறு குடிக்கவேண்டிய நேரம் வந்து, கடந்தும் போயிற்று. அவன் அண்டாவின் முன் போய் நின்றான். நாக்கு உதட்டைத் தடவியது.

அதட்டத் திறந்த வாயை ஹுசைன் மூடிக்கொண்டார். எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றார்.

பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது. பேரீச்சம்பழத்தில் ஒரு நகக்கண் அளவு பிய்த்து, நன்றாக நசுக்கி, மகன் வாயில் வைத்தார்.

“பசிச்சுதா வாப்பா?”

ஷாஃபி அதை மென்று, மெல்ல விழுங்கினான்.

“இல்லத்தா. ஆனா தொண்ட காஞ்சுச்சு,” என்றான். அவன் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.