வங்கிக் கடிதத்தின் இரண்டாம் பக்கம்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் நாங்கள் குடியிருக்கிறோம். பங்குனி மாதக் கடைசி. வாசலில் குவித்து வைத்த பனி அழுக்காகிக் கரைந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். பதினைந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்து இங்கேயே படித்ததால் ஆங்கிலம் நன்றாக வரும். அதனால் எங்கள் தெருவில் இருக்கும் தமிழ் வீடுகளில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் அது என் கைக்கு வராமல் போகாது. பென்சன் படிவம், கார் இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரிக் கடிதம் என்று வந்தபடியே இருக்கும். "ஐயோ, எனக்கு நேரமில்லை" என்று அலுத்துக்கொள்வேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அதில் நல்ல பெருமை. கடிதத்தை வாங்கி, நின்றபடியே நாலு வரி பார்த்து, "உதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கிளம்புவதில் ஒரு சுகம் இருந்தது. என் வீட்டுக்காரர் என்னைத் தெருவுக்கு நீதவான் என்று கேலி செய்வார். எனக்கு அது கேலியாகவே படவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஓர் அன்ரி இருக்கிறார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. கணவர், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுபவர், இறந்து அப்போது மூன்று வருடம் ஆகப்போனது. ஒரே மகள் கல்யாணம் கட்டி வேறு மாகாணத்தில் இருக்கிறாள். அன்ரி தனியாக, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருக்கிறவர். உதவி கேட்பதென்றால்கூட கையில் ஒரு டப்பாவில் ஏதாவது பலகாரத்தோடுதான் வருவார்.

அன்று அவர் கையில் டப்பா இல்லை. சப்பாத்தைக்கூடச் சரியாகக் கொழுவாமல் என் வாசலில் நின்றார். கையில் ஓர் உறை. வீடு அவர் பெயரிலும் இருந்ததால், முதல் நாள் பதிவுத் தபாலில் அவருடைய பெயருக்கே வந்ததாம், கையெழுத்து வைத்து வாங்கியிருக்கிறார்.

"பிள்ளை, உதை ஒருக்காப் பாருமன். கையெழுத்தெல்லாம் வாங்கித் தந்தவங்கள். எனக்கு நெஞ்சு இடிக்குது."

நகரசபையிலிருந்து வந்த கடிதம். அந்த வீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு மேலாக வீட்டு வரி கட்டப்படவில்லை என்று அதில் இருந்தது. குறித்த நாளுக்குள் நிலுவையைக் கட்டாவிட்டால் அதை வீட்டின் உறுதிப் பத்திரத்தில் பதிவார்களாம். பதிந்து ஒரு வருடத்துக்குள்ளும் கட்டாவிட்டால், வரிக்காக வீட்டையே விற்பனைக்கு விடலாமாம்.

வழக்கமாக நாலு வரியோடு நிறுத்துகிற நான் அதை இரண்டு தரம் முழுக்க வாசித்தேன். பிறகு, வெட்கத்தோடு சொல்கிறேன், அன்ரியைப் பிடித்து ஏசிவிட்டேன்.

"என்ன அன்ரி உது? ரெண்டு வருசத்துக்கு மேலை வரி கட்டாமலோ இருந்தனீங்கள்? இவ்வளவு காலமும் கடிதம் ஒண்டும் வரேல்லையோ?"

"வந்ததுதான் பிள்ளை. எல்லாம் பத்திரமா வச்சிருக்கிறன். வாரும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவருடைய ஹோலில் அங்கிளின் பெரிய படம் இருக்கிறது. முன்னால் ஒரு செபமாலை, எப்போதும் எரிகிற சின்ன மின்சார மெழுகுவர்த்தி. அன்ரி படத்தைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, பின்னாலிருந்து ஒரு கட்டு உறைகளை எடுத்தார். றப்பர் வளையம் போட்டு, வந்த ஒழுங்கில் அடுக்கியிருந்தார். எல்லாவற்றிலும் அங்கிளின் பெயர். மேலே இருந்தவற்றில் ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை.

"அவர் இருக்கேக்கையே அவற்ற கடிதத்தை நான் ஒருநாளும் உடைச்சதில்லை. இப்ப எப்பிடி உடைக்கிறது? அவருக்கு வந்தது அவரோடையே இருக்கட்டும் எண்டு வச்சிட்டன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்தேன். இங்கே வீட்டு வரி பில் வருடத்துக்கு இரண்டு தரம் வரும். வருடத் தொடக்கத்தில் வருவது பாதி, கோடையில் வருவது மீதி. இரண்டும் அந்தக் கட்டில் வருடம் தவறாமல் இருந்தன. கட்டாத காசுக்கு மாதம் பிறக்கும்தோறும் வட்டி ஏறியதைச் சொல்லும் நினைவூட்டல்களும் இருந்தன. கட்டின் அடியில் மட்டும் ஏற்கெனவே திறந்த ஓர் உறை கிடந்தது. அது வங்கியிலிருந்து வந்தது. அதைத் திறந்தது நான்.

அங்கிளின் முப்பத்தோராம் நாள் செபத்துக்குப் போயிருந்தபோதுதான் அன்ரி அதை என்னிடம் தந்தார். வீடு நிறைய ஆட்கள். எனக்கோ கிளினிக்குக்குப் போக நேரமாகிவிட்டது. நின்றபடியே முதல் பந்தியைப் பார்த்தேன். அங்கிள் எடுத்து வைத்த இன்சூரன்ஸ், வீட்டுக் கடனில் மிச்சமிருந்த முழுவதையும் கட்டித் தீர்த்துவிட்டது என்று இருந்தது. அந்த நல்ல செய்தியைச் சொல்கிற ஆள் நானாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம். "மோட்கேஜ் முழுக்க முடிஞ்சுது அன்ரி! இனி வீடு உங்கடை வீடு!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். செபத்துக்கு வந்தவர்கள் கண் கலங்கினார்கள். போயும் மனிசியை அந்தரிக்க விடாமல் போயிருக்கிறார் என்று அங்கிளைப் புகழ்ந்தார்கள். எனக்கும் பாதிப் புகழ் கிடைத்த மாதிரி இருந்தது.

"பின்பக்கத்திலையும் என்னவோ கிடக்குது பிள்ளை" என்றார் அன்ரி.

"உது அவங்கள் எல்லாருக்கும் போடுற வழக்கமான புலம்பல், அன்ரி. அதை விடுங்கோ."

கதவடிக்கு வந்தபோது நகரசபைக் கடிதம் ஒன்றையும் காட்டினார். அதைத் திறக்கக்கூட இல்லை. "உது சும்மா அறிவிக்கிறது. வீட்டு ரக்ஸை பாங்க் கட்டும். நீங்கள் யோசியாதேங்கோ" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

அங்கிள் உயிரோடு இருந்தவரை நான் சொன்னது சரிதான். இங்கே பல வீடுகளில் வங்கியே மோட்கேஜ் கட்டணத்தோடு வீட்டு வரியையும் சேர்த்து எடுத்து நகரசபைக்குக் கட்டிவிடும். வீட்டுக்கு வருகிற கடிதம் தகவலுக்காக மட்டும். ஆனால் மோட்கேஜ் முடிந்தால் அந்த ஒழுங்கும் முடிந்துவிடும். இப்போது மேசையில் அந்த வங்கிக் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், சுற்றி வளைக்காமல், தெளிவாக எழுதியிருந்தார்கள்: இன்று முதல் வீட்டு வரியை நீங்களே நேரடியாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த நேரமே அன்ரியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "திங்கக்கிழமை நகரசபைக்குப் போவம் அன்ரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிறு முழுவதும் மற்றவர்களுக்கு நான் சொன்ன தீர்ப்புகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் அரை நாள் லீவு எடுத்து அன்ரியைக் கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் வயதை ஒத்த ஒரு பெண், அவசரமே இல்லாதவர். கடிதங்களைப் பார்த்து, கணினியில் வீட்டின் எண்ணைத் தட்டினார். பிறகு, குற்றம் பிடிக்கிற தொனி இல்லாமல், இவ்வளவு காலம் ஏன் கட்டாமல் விட்டீர்கள் என்று கேட்டார். குறிப்பில் எழுத வேண்டுமாம்.

நான் அன்ரியிடம் அதைத் தமிழில் சொன்னேன். அன்ரி ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார்.

"நான்தான் கவனிக்காமல் விட்டிட்டன் எண்டு சொல்லும் பிள்ளை. அவர் போன கவலையிலை இருந்திட்டன் எண்டு சொல்லும்."

அந்தப் பெண் பேனையோடு காத்திருந்தார். அன்ரி சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும், என் பெயருக்கும் ஒரு கீறல் விழுந்திருக்காது. என்னால் முடியவில்லை. இவர் என்னிடம்தான் கடிதத்தைத் தந்தார், நான் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வங்கி கட்டும் என்று சொன்னேன், பிழை என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார். மோட்கேஜ் முடிந்த சந்தோசத்தில் வரியை மறந்துபோய் வருகிறவர்களை அந்தக் கவுண்டரில் அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார். ஏறிய வட்டியைக் குறைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். ஆனால் ஒரு பகுதியை இப்போது கட்டி, மீதியை மாதாமாதம் கணக்கிலிருந்து எடுக்கும்படி எழுதிக்கொடுத்தால், தவறாமல் கட்டும்வரை வீட்டுக்கு ஆபத்தில்லை. அதோடு அன்ரியின் வயதையும் வருமானத்தையும் கேட்டார். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறதாம். வருடாவருடம் வரி கூடுகிற தொகையை அவர்களுக்குத் தள்ளுபடி செய்துவிடுவார்களாம். ஆனால் நாங்களாகக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், போன வருடங்களுக்குக் கிடைக்காது. தெருவில் இத்தனை பேருக்குத் தீர்ப்புச் சொன்ன எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கட்டவேண்டிய முதல் பகுதிக்கு அன்ரியிடம் காசு இருந்தது. அது அங்கிளின் கல்லறைக்குக் கல் வைக்க மூன்று வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அதில்தான் எடுத்துக் கட்டினார்.

திரும்பி வரும்போது லோறன்ஸ் அவெனியூவில் சிவப்பு விளக்கில் நின்றபோது அன்ரி மெதுவாகச் சொன்னார்:

"நான் சொன்னதை நீர் அங்கை சொல்லேல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்குக் கதைக்கத்தான் வராது பிள்ளை. கேட்டா விளங்கும். இருவது வருசம் பாக்டரியிலை உந்த இங்கிலீசுக்குள்ளதானே நிண்டனான்."

"அப்ப அந்தப் பாங்க் கடிதம்?"

"ரெண்டாம் பக்கத்திலை ரக்ஸ் எண்டு கிடந்ததைக் கண்டனான். உம்மட்டைத் திருப்பிக் கேப்பம் எண்டுதான் நினைச்சன். நீர் அவசரத்திலை நிண்டனீர். உதுகூட விளங்கேல்லையோ இந்த மனிசிக்கு எண்டு நினைப்பீரோ எண்டு வெக்கமாப் போச்சுது."

காரை ஒரு பிளாசாவுக்குள் திருப்பி நிறுத்தினேன். ஐம்பது வயதில், கடைக்கு வந்து போகிறவர்கள் பார்க்க, ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி அழுதேன். கடிதத்தை முழுக்க வாசிக்காததுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. ஒரு மனிசி என்னிடம் இரண்டாம் தரம் கேட்கக் கூச்சப்படும்படி நான் நடந்திருக்கிறேன் என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. அந்த வட்டியை நான் கட்டுறன்."

"உம்மடை காசு எனக்கு வேண்டாம்" என்றார். "அவற்ற கல்லு ஒரு வருசம் பிந்தினா அவர் கோவிக்கமாட்டார். வீடு போயிருந்தாத்தான் கோவிச்சிருப்பார்." பிறகு கைப்பையிலிருந்து ஒரு ரிஸு பேப்பரை எடுத்து நீட்டினார். "ஒண்டு செய்யும். அந்தப் பாங்க் கடிதத்தை முழுக்க ஒருக்கா வாசிச்சுக் காட்டும்."

அவருடைய சாப்பாட்டு மேசையில், அங்கிளின் படத்துக்கு எதிரே இருந்து வாசித்தேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், அடியில் பொடி எழுத்தில் இருந்ததுகூட. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். அன்ரி நடுவில் மூன்று கேள்வி கேட்டார். எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம் எடுத்தது.

நிலுவை முழுவதும் தீர்ந்து, திரும்பவும் காசு சேர்ந்து, அங்கிளுக்குக் கல் வைத்தபோது அன்ரி சொன்ன ஒரு வருடம் இரண்டு வருடமாகிவிட்டது. நானும் கல்லறைக்குப் போயிருந்தேன், ஆனால் பின்னால் நின்றுகொண்டேன். இப்போது நகரசபை பில் வந்தால் யாருடைய பெயரில் இருந்தாலும் அன்ரியே கத்தியால் உறையை வெட்டித் திறந்து, திகதியைப் பார்த்து வட்டம் போட்டு வைக்கிறார். சலுகைக்கு வருடாவருடம் விண்ணப்பிக்கிறோம். படிவத்தை நிரப்புவது அவர், நான் பக்கத்தில் இருந்து எழுத்துப் பிழை பார்க்கிறேன். மற்ற வீடுகளிலிருந்தும் எனக்குக் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நின்றபடி வாங்குவதில்லை, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் வாங்குகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிவிட்டேன். வாசித்து முடித்ததும், "இன்னொருக்கா வாசிக்கட்டோ?" என்று நானே கேட்கிறேன்.

அங்கிளின் முப்பத்தோராம் நாளன்று அந்த ஆறு நிமிடத்தை நான் கொடுத்திருந்தால் அவருடைய கல் இரண்டு வருடம் பிந்தியிருக்காது என்ற நினைப்பு, இன்றைக்கும் யாருடைய கடிதத்தை விரித்தாலும் எனக்கு முதல் வரிக்கு முன்னால் வந்து நிற்கிறது.