டிரைவர் பக்கக் கதவு

கதவில் என் தெற்றுப்பல் தெரிந்தது. இந்தக் காரைப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றியது அந்த நொடியில்தான்.

ஆயுத பூசைக்கு மறுநாள். அப்பா மூன்றாம் கையாக வாங்கிய கறுப்பு அம்பாசடரை, அண்ணன் மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து, பழைய வேட்டித் துணியால் தேய்த்தே முகம் பார்க்கும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தான். போராட்டத்தால் கல்லூரியை மூடியிருந்தார்கள். நான் கள்ளக்குறிச்சி வீட்டில் கால் தரையில் பாவாமல் திரிந்தேன். விடுதித் தோழி இரவல் கொடுத்த கேமராவில் பாதி பிலிம் மிச்சம் இருந்தது.

"ண்ணா, பின்னாடி கல்ராயன் மல தெரியற மாதிரி வண்டிய நிறுத்து. நான் எடுக்கறேன்."

"அவனவன் ரோட்ல மரத்த வெட்டிப் போட்டுக்கினு இருக்கறான். இவளுக்குப் படம் கேக்குது!"

"இன்னைக்கு நம்ம பக்கம் ஒண்ணும் இல்லன்னு நீதான சொன்ன?"

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தான். சட்டென்று சாவியை எடுத்தான். "சரி, வா. எடத்த நான்தான் சொல்வேன்."

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் மரம் சாய்த்து மறியல் நடந்த காலம் அது. எந்த ஊரில் எப்போது பஸ் நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. மரம் விழுந்த இடத்துக்கு உடனே போலீஸ் வேன் வரும், கையில் அகப்பட்ட இளவட்டங்களை அள்ளிக்கொண்டு போகும். அண்ணனுக்கு அரசு வேலை ஏறக்குறைய கிடைத்தாயிற்று. போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. அவன் பேரில் ஒரு வழக்கு விழுந்தால் எல்லாம் போச்சு. அதனால் வீட்டில் அவனைத் தெருமுனை தாண்டிப் போகவே விடுவதில்லை. தங்கையோடு காரில் போகிறான் என்றதும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

கச்சிராயபாளையம் போகும் சாலையில், ஒரு வளைவில், ஓரமாக வண்டியை நிறுத்தினான். அந்தப் பக்கம் கரும்புக் கொல்லை, அதற்கு மேல் மலை. இளவெயில். நான் துள்ளிக் குதிக்காத குறை.

"நீ எடுத்துக்கினு இரு. நான் தோ வந்துட்றேன்" என்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் போனான். ஒதுங்கத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

காரை நேர்ப்பக்கமாக எடுத்தால் பீரோ மாதிரி விழும். எதிர்ச் சாரியில் குந்தி உட்கார்ந்து, மூக்கும் டிரைவர் பக்கமும் சேர்ந்து வருகிற மாதிரி எடுத்தால், அது நம்மை நோக்கி நகரப்போகிற மாதிரி இருக்கும். முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிவைத்தால் இன்னும் உயிர் வரும். இதையெல்லாம் நானே கண்டுபிடித்துக்கொண்டிருந்த மும்முரத்தில், பின்னால் ரம்பச் சத்தம் கேட்டதுகூட உறைக்கவில்லை. ஒருமுறை திரும்பினேன். வளைவில் புளியமரத்தடியில் முதுகு காட்டி நின்ற ஆட்கள். ரோடு வேலைக்காரர்கள் போல என்று மறுபடி கேமராவில் கண்ணை வைத்துவிட்டேன்.

அண்ணன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். "ஏறு, ஏறு! மரம் வுழப் போவுது!"

மலைப் பக்கமாகவே போய், வேறு வழியில் சுற்றி வீடு சேர்ந்தோம். நாங்கள் தப்பித்த கதையைத் தெருவெல்லாம் நானே சொன்னேன். அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த ஸ்டுடியோவில் பிலிமைக் கழுவக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது சைக்கிளிலிருந்து இறங்கவே தோன்றவில்லை. வாசல் கண்ணாடிப் பெட்டியில், வழக்கமாகக் கல்யாண ஜோடி இருக்கும் இடத்தில், பெரிதாக எங்கள் கார்! மலை, கரும்பு, திரும்பிய சக்கரம், பளிச்சென்று நம்பர் பிளேட். நான் எடுத்ததா இது?

கிட்டே போனேன். என் தெற்றுப்பல் தெரிந்த அதே கதவில், குந்தி உட்கார்ந்த நான் தெரிந்தேன். எனக்குப் பின்னால் சாலை வளைந்து போயிற்று. வளைவில் புளியமரம். நீள ரம்பத்தின் ஒரு முனையில் யாரோ. மறுமுனையில், தலையில் துண்டு, கட்டம் போட்ட சட்டை, பல்லைக் கடித்த முகம்.

அண்ணன்.

அரை மணி நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எப்படி இது கண்ணில் படாமல் போயிற்று?

"யார் வூட்டு வண்டிம்மா? கண்ணாடி மாதிரி வச்சிக்கினு கீறீங்க!" பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காரை மட்டும்.

"எங்களுதுதாங்க" என்றேன்.

ஸ்டுடியோக்காரர் வெளியே வந்தார். "இன்னா பாப்பா, எப்பிடி கீது? ஊரே நின்னு பாக்குது!"

"அத எடுத்துடுங்கண்ணே. எனக்குப் புடிக்கல."

"புடிக்கலியா?"

"ஏம்மா, நல்லாத்தான கீது?" என்றார் போலீஸ்காரர். இன்னும் குனிந்து பார்த்தார்.

"இத விட நல்லா எடுப்பேன், சார்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அப்ப எடுத்தாந்து குடு, மாத்திட்றேன்" என்றார் ஸ்டுடியோக்காரர். "அதுவரைக்கும் இதான். காலியா வச்சா கடை அழுதுவடியும்."

பேயறைந்தவள் போல வீட்டுக்கு வந்து அண்ணனைக் கொல்லைப்புறம் இழுத்துப்போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தான். "நெசமாவா? எத்தினி பேரு தெரியறோம்?"

"ரெண்டு பேரு. உன் மூஞ்சி நல்லாவே தெரியுது. கீழ நம்ம வண்டி நம்பரு."

சிரிப்பு நின்றது. கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டான்.

"உனக்குத்தான் வேல கெடச்சிடுச்சே. உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"எனக்குக் கெடச்சிது. என்கூடப் படிச்சவன் அத்தினி பேரும் கரும்பு வெட்டிக்கினு இருக்கறான். ரம்பத்த வேற யாரு புடிப்பா?"

"அதுக்குத்தான் என்னைய இட்டுக்கினு போனியா? படம் எடுக்கற சாக்குல?"

அவன் குனிந்து கிணற்றுக்குள் பார்த்தான். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆனால் ஸ்டுடியோ வாசலில் அந்தப் போலீஸ்காரர் இன்னும் குனிந்துகொண்டே இருப்பது மாதிரி இருந்தது. அழ நேரமில்லை. புது பிலிம் வாங்கி வேறு படம் எடுத்தாக வேண்டும்.

விடிந்ததும் கிளம்புவதென்று முடிவு செய்தோம். துணியால் தொடக்கூட மாட்டோம். வண்டியை ஏரிக்கரை மண்பாதையில் இரண்டு நடை ஓட்டி, கதவு முழுக்கச் செம்புழுதி அப்பிய பிறகு, மேகம் மூடும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். அப்போது அதில் எதுவும் விழாது.

"நான் எங்க நிக்கட்டும்?" என்றான் அண்ணன்.

"எம் பின்னாடி மட்டும் நிக்காத" என்றேன்.